எக்ஸ்ஏ21 ஏற்பி: கண்டறிதலின் வரலாறு

எக்ஸ்ஏ21 என்பது நெற்பயிரின் உயிரணுச் சவ்வில் அமைந்துள்ள ஒரு நோயெதிர்ப்பு ஏற்பிப் புரதம் ஆகும். இலைக்கருகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாசு ஒரைசே என்ற பாக்டீரியாவை இது அடையாளம் காண்கிறது.

இதற்குரிய மரபணு மாலி நாட்டுக் காட்டு நெல்லான ஒரைசா லாங்கிசுடாமினேட்டாவிலிருந்து பெறப்பட்டது. பிலிப்பீன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் குர்தேவ் குஷ் குழுவினர் அதைக் கலப்பின முறையில் பயிர்நெல்லுக்கு மாற்றினர். 1995இல் பமீலா ரொனால்டு குழுவினர் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். புரதத்தின் ஒரு பகுதி உயிரணுவுக்கு வெளியே நின்று பாக்டீரியாவின் மூலக்கூறைப் பற்றுகிறது; உட்பகுதி எதிர்ப்புக்கான சைகையை அனுப்புகிறது.

வெளியே அது பற்றும் மூலக்கூறு எது என்பது எளிதில் பிடிபடவில்லை. ஏஎக்ஸ்21 என்ற புரதமே அது என 2009இல் ரொனால்டு குழுவினர் சயின்சு இதழில் அறிவித்தனர். பின்னர் ஆய்வகத்தில் சேர்ந்த புதியவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. ஆராய்ந்தபோது, சில பாக்டீரியா வகைகளின் பெயர்ச்சீட்டே தவறாக இருந்தது தெரிந்தது. 2013இல் குழுவினர் தாமாகவே கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். பிழையை மறைக்காமல் இவ்வாறு விளக்கிச் சொல்வது ஆய்வுலகில் அரிது.

2015இல் அதே குழு ராக்ஸ்எக்ஸ் என்ற சிறு புரதத்தைக் கண்டறிந்தது. அதிலுள்ள டைரோசினில் சல்பேட்டு சேர்ந்திருந்தால்தான் ஏற்பி அதை உணரும். சல்பேட்டைச் சேர்க்கும் நொதியை இழந்த பாக்டீரியா, எக்ஸ்ஏ21 உள்ள நெல்லையும் தாக்குகிறது.

ஏற்பி எதை உணர்கிறது என்பது தெரியும் முன்பே, ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட மேம்படுத்தப்பட்ட சம்பா மசூரி நெல்லில் எக்ஸ்ஏ21 மரபணு வேறு இரண்டு எதிர்ப்பு மரபணுக்களுடன் சேர்க்கப்பட்டிருந்தது.