நாய்க்குக் கண்ட மருந்து கண்டிச் சீமைக்குப் போன கதை

பிறந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். நேற்றுவரை தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்த நாய்க்குட்டி இன்று சுருண்டு கிடக்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைக் காகிதம்போல் வெளுத்திருக்கும். கழிச்சல் தார் மாதிரி கறுத்திருக்கும். செரித்த இரத்தத்தின் நிறம் அது. பெரம்பலூர் பக்கமோ அரியலூர் பக்கமோ, தெருநாய் ஈன்ற குட்டிகள் ஒவ்வொன்றாய்ச் செத்துப்போவதைப் பார்த்தவர்கள் 'பால் பத்தலை' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பல நேரம் பால் போதுமான அளவு இருக்கும். அந்தப் பாலோடுதான் எமனும் இறங்கியிருப்பான். தாயின் தசைகளில் உறங்கிக் கிடக்கும் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள், குட்டி ஈனும் காலத்தில் விழித்துக்கொண்டு பால்வழியே குட்டிகளின் குடலைச் சேர்கின்றன. குடல் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கின்றன. ஒரு புழு நாளொன்றுக்குக் குடிப்பது ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் கையளவு உடம்பில் நூறு புழுக்கள் இருந்தால் எத்தனை நாள் தாங்கும்?

இந்தப் புழுவின் வரலாற்றைத் தேடிப் போனால் அது கால்நடை மருந்தகத்தின் வாசலோடு நிற்பதில்லை. பாம்பனைத் தாண்டி, கடல் கடந்து, கண்டிச் சீமை என்று நம்மவர் சொன்ன இலங்கையின் தேயிலை மலைகளுக்குப் போகிறது. பெரம்பலூர்க்காரர்கள் போன அதே வழி.

அதற்கு முன் நம் வேலியோரத்துச் செடி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்று இன்னொரு பெயர் உண்டு. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை மயங்கி வந்து அதில் புரளும். அதே செடியின் இலைச்சாறுதான் சித்த மருத்துவத்தில் குடற்புழுவுக்குக் கொடுக்கப்பட்டது. விலங்கைக் கவனித்தவர்கள் செடிக்கு வைத்த பெயர் அது. மனிதர் மருந்தும் விலங்கு மருந்தும் தனித்தனிக் கட்டடங்களுக்குப் போவதற்கு முந்தைய காலத்தின் மிச்சம்.

பிறகு ஆய்வகத்தின் காலம் வந்தது. கெய்ரோவில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர் ஆர்தர் லூஸ், கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் கலந்த நீரைத் தற்செயலாகத் தன் கையில் சிந்திக்கொண்டார். அந்த இடம் சிவந்து அரித்தது. சில வாரங்கள் கழித்து அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் தென்பட்டன. வாய்வழியாகத்தான் நோய் வரும் என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, வெறுங்காலின் தோலைத் துளைத்தும் புழு உள்ளே போகும் என்பது அப்படித் தெரிந்தது. இது நடந்தது 1898ல். அதே லூஸ் 1911ல், இலங்கைப் புனுகுப்பூனை ஒன்றின் குடலில் கிடைத்த புதிய கொக்கிப்புழுவை விவரித்து, தீவின் பெயரையே அதற்கு வைத்தார்: ஆன்கைலோஸ்டோமா சிலானிகம். நாய்க்கும் பூனைக்கும் பொதுவான புழு இது. இரண்டே ஆண்டுகளில், 1913ல், கிளேட்டன் லேன் என்ற இந்திய மருத்துவப் பணி அதிகாரி வங்காளத்துச் சிறைக் கைதிகளின் உடலிலும் இதைக் கண்டார்.

பிறகு ஒரு பெரிய சறுக்கல். பிரேசிலில் பூனையிடம் கண்டெடுத்த இன்னொரு புழுவும் இதுவும் ஒன்றுதான் என்று அறிஞர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். இரண்டும் வெவ்வேறு என்று 1951ல் பியோக்கா என்ற இத்தாலியர் மீண்டும் நிறுவும்வரை, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இலங்கைப் புழுவுக்குத் தனிப்பெயர் இல்லை. தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு மும்முரமாக நடந்த காலம் முழுவதும் அந்த நாற்பது ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. தொழிலாளர் குடியிருப்பான லயத்து நாயை யாரும் திரும்பிப் பார்க்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள், தோட்டங்களுக்கு ஆள் போன காலத்தில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்தன. பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995ல்தான். அரியலூர் 2001ல் பிரிந்து, மறுபடி சேர்ந்து, 2007ல் நிலைபெற்றது. இலங்கைத் தோட்டங்களுக்கு அதிகம் ஆள் அனுப்பிய மாவட்டங்களில் திருச்சி முன்வரிசையில் நின்றது. முசிறி, துறையூர், பெரம்பலூர் சுற்றுவட்டாரத்து மானாவாரி நிலத்தில் மழை பொய்த்தால், ஊருக்கு வந்து ஆள் சேர்த்த கங்காணியின் முன்பணம்தான் வழி. முதலில் தொண்டி, அம்மாப்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து படகேறி, மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். எத்தனையோ பேர் வழியிலேயே மாண்டார்கள். 1914ல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பலும் வந்த பிறகு, மண்டபம் முகாம்தான் கண்டிச் சீமையின் வாசலானது. அங்கே சில நாள் தடுத்து வைத்து, அம்மை குத்தினார்கள். 1920களில் கொக்கிப்புழுவுக்கும் மருந்து புகட்டித்தான் கப்பலேற்றினார்கள்.

நோயைத் தமிழ்க் கூலிகள்தான் சுமந்து வருகிறார்கள் என்பது தோட்டத்துரைமாரும் காலனி மருத்துவர்களும் திரும்பத் திரும்பச் சொன்ன வாதம். புழு அவர்களோடு போனது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. கொக்கிப்புழுவின் முட்டை பொரிக்க ஈரமும் நிழலும் வேண்டும். பெரம்பலூர்க் கரிசலில், கோடை வெயிலில் வெடிப்பு விடும் மண்ணில் இளம்புழு காய்ந்து சாகும். கொள்ளிடக் கரையில் திருமானூர்ப் பக்கத்து நஞ்சையில் வேண்டுமானால் பிழைக்கும். தேயிலை மலையிலோ ஆண்டின் பெரும்பகுதி மழை; செடிக்கடியில் எப்போதும் நிழல். கழிப்பறை இல்லாத லயங்கள். ஒரே அறையில் ஒரு குடும்பமோ இரண்டோ. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குப் போய், நாள் முழுக்க வெறுங்காலோடு அந்த மண்ணில் நிற்கும் பெண்கள். ஊரில் இலேசாக இருந்த தொற்று அங்கே சோகையாகவும் கால் வீக்கமாகவும் பிரசவ மரணமாகவும் முற்றுவதற்கு அந்த ஏற்பாடே போதும். பழியைச் சுமந்தவர்கள் மட்டும் வேறு.

இலங்கையில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் ஒழிப்பு முயற்சி 1916ல் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. முதலில் கொடுத்தது கீனோபோடியம் எண்ணெய். அளவு கொஞ்சம் தப்பினாலும் ஆளைச் சாய்த்துவிடும். மாற்று மருந்து எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் நடுப்புள்ளி. அமெரிக்க வேளாண் துறையில் கால்நடை ஒட்டுண்ணிகளை ஆராய்ந்த மாரிஸ் ஹால், நாய்களுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுத்துப் பார்த்தார். கொக்கிப்புழுக்கள் கொத்தாக வெளியேறின. 1921ல் அதை வெளியிட்டார். தானே ஒரு மடக்கு விழுங்கியும் பார்த்தார். மறு ஆண்டே அது இலங்கைக்கு வந்துவிட்டது. அங்கே தூக்குத் தண்டனை பெற்ற கைதிகளுக்கு அதைப் புகட்டி, தண்டனை நிறைவேறிய பிறகு உடலைத் திறந்து குடலையும் கல்லீரலையும் சோதித்தார்கள். முடிவுகள் 1922ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தன. பிறகு தோட்டத் தொழிலாளர்களுக்கு. நாய், கைதி, கூலி என்று மருந்து இறங்கி வந்த படிவரிசையைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. மருந்து புழுவைக் கொன்றது மெய். கல்லீரலைக் கெடுத்ததும் மெய். சில ஆண்டுகளில் ஹாலே, அதைவிடப் பாதுகாப்பான டெட்ராகுளோரோஎத்திலீனைக் கண்டுபிடித்தார். அதையும் நாய்களிடம்தான் சோதித்தார்.

அல்பெண்டசோலின் பிறப்பும் இதே தடத்தில்தான். 1970களில் விலங்கு மருந்து ஆய்வகத்தில் உருவாகி, ஆடுமாடுகளுக்குக் கொடுக்கப்பட்டு, 1980களில் மனிதருக்கு வந்தது. இன்று வெள்ளாட்டுக்கு ஊற்றும் பூச்சி மருந்தும், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மென்று விழுங்கும் மாத்திரையும் பெரும்பாலும் இந்த ஒரே சரக்குதான். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் தொடங்கியது. 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் மாத்திரை கிடைக்கிறது.

நாய்க்குத்தான் அப்படி ஒரு நாள் இல்லை. வீட்டில் வளரும் குட்டிக்கு இரண்டு வாரத்திலேயே பூச்சி மருந்தைத் தொடங்கி, பால்குடி மறக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். கூடவே தாய்க்கும் கொடுக்க வேண்டும். தெருவில் பிறந்ததற்கு யார் கொடுப்பது? தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையில் ஆய்வாளர்கள் மனிதர், நாய், மண் மூன்றிலும் மாதிரி எடுத்து மரபணுவைப் பிரித்துப் பார்த்து 2016ல் வெளியிட்டார்கள். மக்களிடம் இருந்தது பெரும்பாலும் மனிதக் கொக்கிப்புழுதான். சிலரின் மாதிரியில் நாய்க் கொக்கிப்புழுவின் தடமும் இருந்தது. நாய்களிடம், லூஸ் பெயரிட்ட அந்த இலங்கைப் புழுவும் இருந்தது. ஊர் மண்ணில் மனிதப் புழுவும் நாய்ப்புழுவும் கலந்தே கிடந்தன.