முடி உதிர்வு: பழி தண்ணீருக்கா?

கட்டுகஸ்தோட்டையிலோ கண்டியிலோ ஒருவர் தமக்கு முடி கொட்டுகிறது என்று சொல்லிவிட்டால் போதும். குழாய் நீர்தான் காரணம் என்பார் ஒருவர். ஷாம்பூவை மாற்றுங்கள் என்பார் இன்னொருவர். கூடவே ஓர் எண்ணெய்ப் போத்தலின் பெயரும் கிடைக்கும். ஆனால், சில மாதங்களுக்கு முன் வந்துபோன காய்ச்சலை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மனிதர் தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சில ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று மாதங்கள் ஓய்ந்திருந்து உதிர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பே. கடுங்காய்ச்சல், சத்திரசிகிச்சை, பிரசவம், அளவுமீறிய உணவுக் கட்டுப்பாடு போன்றவை உடலைத் தாக்கும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே வேளையில் ஓய்வு நிலைக்குச் சென்றுவிடுகின்றன. அவை உதிரத் தொடங்குவதோ இரண்டு மூன்று மாதங்கள் கழித்து. 1961 இல் அமெரிக்கத் தோல் நோய் வைத்தியர் அல்பேர்ட் கிளிக்மன் இதனை விளக்கினார். 2017 இல் இலங்கையில் 186,000 க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். டெங்குவுக்குப் பின்னரும் கொவிட் தொற்றுக்குப் பின்னரும் நேரும் முடி உதிர்வு இவ்வகையினதே. பெரும்பாலானோருக்கு ஆறு மாதங்களளவில் உதிர்வு தானாகவே அடங்கிவிடும். அதற்குள் வாங்கிப் பூசிய எண்ணெய் பெயரைத் தட்டிக்கொள்ளும் என்பது வேறு விடயம்.

பெண்களிடத்தில் இரும்புச்சத்துக் குறைபாட்டையும் தைரொயிட் சுரப்பிக் கோளாறையும் முதலில் ஆராய வேண்டும். இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டறியலாம். மலைநாட்டில் வாழும் நாம் ஒன்றை மறக்கலாகாது: உணவோடு தேநீர் அருந்துவது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

பர்தா அணிவதால் முடி கொட்டும் என்ற பேச்சிலும் உண்மையில்லை. குற்றம் துணியினுடையதன்று, அதன் கீழே இழுத்துக் கட்டும் இறுக்கமான கொண்டையினுடையது. இறுகப் பின்னும் சடைக்கும் இது பொருந்தும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நெற்றியோரத்தில் இழந்த முடி திரும்பாது. கோயிலில் மொட்டையடித்தாலும், பிறந்த ஏழாம் நாளில் குழந்தையின் தலைமுடியை மழித்தாலும் முடியின் அடர்த்தி கூடுவதில்லை. மழித்த நுனி தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவே. சமயக் கடமைக்கு அந்தக் காரணம் தேவையுமில்லை.

ஆண்களின் வழுக்கை பரம்பரையும் ஓமோனும் சேர்ந்து விளைவிப்பது. தாய்வழியிலும் வரும், தந்தைவழியிலும் வரும். மினொக்சிடில், பினஸ்டரைட் ஆகிய மருந்துகள் பலருக்குப் பயன் தருகின்றன. நிறுத்தினால் பயனும் போய்விடும். கர்ப்பிணிகள் பினஸ்டரைட்டை உட்கொள்ளவே கூடாது.

அவசரம் வேறிடத்தில் இருக்கிறது. நாணய வடிவில் முடி உதிரும் புழுவெட்டில் புழு எதுவுமில்லை. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே முடி வேரைத் தாக்குகிறது. ஆனால் சிறுவர் தலையில் செதில், அரிப்பு, முறிந்த முடி ஆகியவற்றோடு திட்டுத் தோன்றினால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. சீப்பு, தொப்பி வழியே உடன்பிறந்தோருக்கும் பரவும். பூச்சு மருந்து மட்டும் போதாது, உட்கொள்ளும் மருந்து வேண்டும். கைவைத்தியத்தில் நாள் கடத்தினால் சீழ்ப்பிடித்து, தழும்பாகி, அவ்விடத்தில் முடி முளைக்காமலே போகலாம். அத்தகைய பிள்ளையைத் தாமதமின்றி வைத்தியரிடமோ கண்டி தேசிய வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்கோ அழைத்துச் செல்லுங்கள்; வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் தலைகளையும் பார்த்துவிடுங்கள்.