ஓமந்தூர் ரெட்டியார் – 7: கிஸ்தி கட்டிய கை

வேண்டாம் வேண்டாம் என்று ஒதுங்கியவரைக் காமராஜர் விடவில்லை என்பதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். 1947 மார்ச் 23-ஆம் தேதி ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராகப் பதவியேற்றார். வயது 52.

அந்த நாற்காலிக்கு ராஜாக்கள் புதியவர்கள் அல்லர். பானகல் ராஜா உட்கார்ந்திருக்கிறார், பொப்பிலி ராஜா உட்கார்ந்திருக்கிறார். முதன்முதலில், 1920-இல், அதில் அமர்ந்தவர் நம் தென்னாற்காட்டு சுப்பராயலு ரெட்டியார். உடம்பு முடியாமல் ஏழு மாதம் நிறைவதற்குள் இறங்கிவிட்டார்.

ஓமந்தூராரும் நிலம் உள்ளவர்தான். ஆனால் கூட்டேரிப்பட்டு, மயிலம், திண்டிவனம் வட்டாரத்தில் நிலம் வைத்திருப்பது வேறு சங்கதி. இங்கே ரயத்துவாரி. மல்லாட்டை காய்த்தாலும் பொய்த்தாலும் பட்டாக்காரர் பெயரில் கிஸ்தி நிற்கும். கர்ணம் கணக்கு எழுதுவார், மணியக்காரர் வந்து வசூலிப்பார். பணம் நேரே சர்க்காருக்கு. ராமநாதபுரம், சிவகங்கை, வேங்கடகிரிப் பக்கம் அப்படியில்லை. குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவே ஜமீன்தார். கும்பெனி 1802-இல் கொண்டுவந்த நிரந்தர ஒப்பந்தப்படி ஜமீன் கட்டும் பேஷ்குஷ் ஏறாது. குடியானவன் ஜமீனுக்கு அளப்பதற்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது!

இந்த அநியாயம் யாருக்கும் தெரியாததல்ல. இதை ஆராய்ந்த, பிரகாசம் தலைமையிலான குழுவின் அறிக்கை 1938-லேயே வந்துவிட்டது. அடுத்த ஆண்டு ராஜாஜி மந்திரிசபை விலகியதும் அது கிடப்பில் விழுந்தது. கிஸ்தி கட்டிப் பழகிய கை ஒன்றுதான் அதைத் தூசி தட்ட வேண்டியிருந்தது என்பேன்.

கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் இரண்டும் 1947-லேயே முடிந்தன. ஜமீன் ஒழிப்பு அவ்வளவு லேசில் நகரவில்லை. நஷ்டஈடு எவ்வளவு? ஆண்டு அடிப்படைத் தொகை ஆயிரம் ரூபாய்க்குள் இருந்தால் 30 மடங்கு, லட்சத்தைத் தாண்டினால் பன்னிரண்டரை மடங்கு என்று முடிவானது. சின்ன ஜமீனுக்கு இரக்கம், பெரிய ஜமீனுக்குக் கத்திரி. 1948-இல் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. பாக்கி இருந்தது கவர்னர் ஜெனரலின் ஒப்புதல்.

ஜமீன்தார்களின் கோபம் எதிர்பார்த்ததுதான். ரெட்டியாருக்கு வினை வந்த திசை வேறு. உத்தியோகம், மாற்றல், பெர்மிட் என்று சிபாரிசோடு வந்த சொந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்களை அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். நிர்வாகத்தில் கட்சிக்காரன் தலையிடக் கூடாது என்பது அவர் பிடிவாதம். நல்ல பிடிவாதம்தான், ஆனால் ஓட்டுப் போட வேண்டியவர்களும் அவர்களே அல்லவா?

1949 பிறந்தது. மசோதா டெல்லியில் காத்துக் கிடந்தது. சென்னையிலோ காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி புதிய தலைவரைத் தேடத் தொடங்கியிருந்தது. ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜாவின் பெயர் மெல்ல அடிபட்டது. எது முந்தும், டெல்லிக் கையெழுத்தா, சென்னை ஓட்டா? ரெட்டியாரைக் கைப்பிடித்து அழைத்து வந்த காமராஜர் இந்த முறை யார் பக்கம்?

(தொடரும்)