செந்நிற மருந்தும் இதயமும்

இத்தாலியின் அட்ரியாட்டிக் கடற்பகுதியில், காஸ்டெல் டெல் மான்டே கோட்டையருகே 1950களில் எடுத்த மண்ணில் ஒரு நுண்ணுயிர் கிட்டியது. அதன் வழிவந்த வகையொன்று செந்நிற மருந்தொன்றைத் தந்தது. டாக்சோரூபிசின் என்னும் அம்மருந்து, கடலின் பெயரால் அட்ரியாமைசின் எனவும் வழங்கலாயிற்று. மார்பகப் புற்றுநோயை அடக்கிய அதுவே, அரிதாகச் சிலருடைய இதயத்தைத் தளரச் செய்தது. பெற்ற மொத்த அளவு ஏற ஏற இவ்விடரும் ஏறுவதை, ஏறத்தாழ நாலாயிரம் நோயாளரின் பதிவுகளைக் கொண்டு வான் ஹாஃப் குழுவினர் 1979இல் விளக்கினர். ஆதலால் மருத்துவர் அளவுக்கு வரம்பு கட்டுகின்றனர், இதயத்தையும் சோதிக்கின்றனர்.

திருகோணமலை மாவட்டத்துக் குறிஞ்சாக்கேணியில், சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண்ணுக்கும் இவ்வரலாறு பயன்படும். தளர்ச்சி ஆண்டுகள் கழித்தும் தோன்றலாம். மூச்சிரைப்பும் கால்வீக்கமும் கண்டால், வெறுங் களைப்பென்று வாளாவிராது, முன்பு பெற்ற மருந்தை மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும்.