தொழிலாளி என்ற சொல்

நடுவட்டத்தை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அம்மா முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தார். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பம் எங்களுடையது. கங்காணியையும் மேனேஜரையும் அவர் திட்டாத நாள் குறைவு. ஆனால் தான் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை. தொழிலாளி. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்தை அவர் படித்ததில்லை. குடியிருக்க வீடும் குழந்தைகள் காப்பகமும் யாரும் போடும் பிச்சை அல்ல என்று மட்டும் அறிவார்.

அக்கா மகளுக்குச் சென்னையில் ஐ.டி. வேலை போனது. "நீயே ராஜினாமா செய்துவிடு, அனுபவச் சான்றிதழில் கறை இருக்காது" என்றாராம் மேனேஜர். அவரும் பெண்தான். ஆறு ஆண்டுகள் உடன் வேலை செய்தவர். "கம்பெனியக்கூட விட்டுருவேன். அவங்கள மன்னிக்கவே மாட்டேன் சித்தி" என்று அழுதாள். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாமே என்றேன். "நான் என்ன கூலியா?" என்றாள். அம்மா அடுப்படியில் இருந்தார்.

அவள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

2014 டிசம்பரில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் ஆட்குறைப்பில் இறங்கியதாகச் செய்தி பரவியது. திறன் மதிப்பீட்டின்படியான வழக்கமான நடவடிக்கை என்றது நிறுவனம். வெளியேற்றப்பட்டவர்களில் நடுமட்டப் பொறுப்பில் பல ஆண்டுகள் இருந்தவர்களும் உண்டு. நேற்றுவரை மற்றவர்களுக்கு மதிப்பெண் போட்டவர்கள் அவர்கள். 2015 ஜனவரியில் கர்ப்பிணியான ஊழியர் ஒருவர் சென்னை உயர்நீதிமன்றம் சென்றார். அவருடைய பணிநீக்கத்துக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. பிறகு நிறுவனமே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது.

அன்று நடப்பிலிருந்த 1947 தொழில் தகராறுச் சட்டத்தில் 'தொழிலாளி' என்ற சொல்லுக்குள் தொழில்நுட்ப வேலை செய்பவரும் அடக்கம். ஓராண்டு பணி முடித்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான ஊதியம் தர வேண்டும். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் இழப்பீடு. கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் போக வேண்டும் என்பது பொது விதி. நிர்வாகப் பணியில் இருப்பவருக்கு இவை இல்லை. ஆனால் பதவியின் பெயரை வைத்து நீதிமன்றங்கள் இதை முடிவு செய்வதில்லை; உண்மையில் செய்யும் வேலையைத்தான் பார்க்கின்றன. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடையில்லை என்று 2016-இல் தமிழக அரசும் தெளிவுபடுத்தியது.

நம் பெண்களைப் படிக்கவைத்தபோது கூடையிலிருந்து தப்பிக்கச் சொன்னோம். கூடவே அந்தச் சொல்லிலிருந்தும் தப்பிக்கச் சொல்லிவிட்டோம். அடையாள அட்டையில் 'சீனியர்', 'லீட்' என்று ஏற ஏற, உரிமை கேட்பது கௌரவக் குறைவாகிவிட்டது. கோபத்தைக் கொண்டுபோய் வைக்க வேறு இடமில்லாமல், எதிரே உட்கார்ந்து காகிதத்தை நீட்டிய பெண்ணின் முகத்தில் வைக்கிறோம். அடுத்த காலாண்டில் அவர் பெயரும் பட்டியலில் வரலாம்.

அம்மா டீயைக் கொண்டுவந்து வைத்தார். "கூலின்னா கேவலமா தாயி? எங்கள கணக்குத் தீர்க்காம ஒருத்தரும் வெளிய அனுப்பினதில்ல. ஒன்னய ஒரு கடுதாசியில அனுப்பிட்டாங்களே" என்றார்.

அவள் பதில் சொல்லவில்லை. மறுநாள் சென்னைக்குப் பேருந்து ஏறுமுன், மனுவில் என்னென்ன எழுத வேண்டும் என்று கேட்டாள்.