இருட்டறை முதல் டென்ட் கொட்டகை வரை: படக்கலையின் முன்னோடிகள்

"கேமராவைக் கண்டுபிடித்தவர் முஸ்லிம், அந்தச் சொல்லே 'கமரா' என்ற அரபுச் சொல்தான்" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. வில்லியனூர், பாகூர் பக்கத்து இளைஞர்கள் ஜும்ஆ முடிந்ததும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். இதில் உண்மையும் உண்டு, பிழையும் உண்டு.

இப்னுல் ஹைதம்

பஸராவில் சுமார் 965ல் பிறந்து, கெய்ரோவில் சுமார் 1040ல் மரணித்தவர். ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாளிர்' இவருடைய நூல். இருட்டறைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, சிறு துளை வழியாக ஒளியை உள்ளே விட்டார். சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்புள்ளிகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒளிக்கதிர்கள் ஒரே துளையில் சந்தித்தாலும் கலப்பதில்லை என்பதை இவ்வாறு நிறுவினார்.

ஆனால் அவர் படம் பிடிக்கவில்லை. 'கேமரா' அறையைக் குறிக்கும் லத்தீன் சொல். அதன் வேர் கிரேக்கத்தில் உள்ளது.

பிரான்சில்

விழுந்த பிம்பத்தை அழியாமல் நிறுத்தியவர் நியேப்ஸ். 1820களில் அவர் எடுத்த ஜன்னல் காட்சி இன்றும் உள்ளது. அவருடன் கூட்டுச் சேர்ந்த டாகெர் உருவாக்கிய முறையை, பிரெஞ்சு அரசு அவருக்கு ஓய்வூதியம் அளித்துப் பெற்று, 1839 ஆகஸ்ட் 19 அன்று வெளியிட்டது. லூமியேர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் வாங்கிக்கொண்டு அசையும் படம் காட்டினர். 1896 ஜூலை 7 அன்று அது பம்பாய்க்கு வந்தது.

நம் மண்ணில்

1858ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, 19 அடி நீளத்துக்கு ஒட்டிச் சேர்த்தார்.

கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் (1883-1942) திருச்சியில் ரயில்வே ஊழியர். 1905ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் உடல்நலம் குன்றி ஊர் திரும்ப நினைத்தபோது, அவரிடமிருந்த புரொஜக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார். ஊர் ஊராக டென்ட் அடித்துப் படம் காட்டினார். 1914ல் கோவையில் 'வெரைட்டி ஹால்' கட்டினார். அந்தப் பெயரில் இன்றும் அங்கே சாலை உள்ளது. தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான 'கீசக வதம்' எடுத்தவர் நடராஜ முதலியார்.

நாம் செய்ய வேண்டியது

புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டூடியோக்களின் படங்களை டிஜிட்டல் முறையில் பாதுகாக்கிறது. நம் வீட்டுப் பெட்டிகளிலோ, சைகோனுக்குச் சென்ற பாட்டனார்களின் படங்கள் ஈரத்தில் உதிர்கின்றன. அதில் இருப்பவர் யார், எந்த ஆண்டு என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

வந்த செய்தியை விசாரித்துத் தெளிய வேண்டும் என்பது நம் மார்க்கம் சொல்லும் ஒழுங்கு. இப்னுல் ஹைதம் செய்ததே பெரிது. செய்யாததை அவர் பெயரில் ஏற்றுவது அவருக்குக் கண்ணியம் ஆகாது.