லேஸ் பின்னியவர் பெயர் என்ன? நாஞ்சில் நாட்டுக் கண்காட்சிகளின் கதை

இன்னைக்கு எபிசோடுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கேள்வி. ஓவியக் கண்காட்சின்னு சொன்னதும் உங்களுக்கு எந்த ஊர் ஞாபகம் வருது? சென்னை, பெங்களூரு, கொஞ்சம் விவரமானவங்கன்னா கொச்சி. 2012இல் தொடங்கின கொச்சி பினாலேவுக்கு நம்ம நண்பர்கள் பலபேர் ரயிலேறிப் போய்ப் பார்த்துட்டு, ஸ்டோரியும் போட்டுட்டு வந்தாச்சு. நாகர்கோவில்னு யாராவது சொல்வாங்களா? சொல்ல மாட்டாங்க.

ஆனா நாகர்கோவிலில் செய்த கைவேலை 19ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் கண்காட்சி வரைக்கும் போய் வந்திருக்கு. மெட்ராஸ் கண்காட்சியிலும் இருந்திருக்கு. அது ஓவியம் இல்லை, சிற்பம் இல்லை. லேஸ். பெண்கள் கையால் பின்னிய நூல் சரிகை. அதைப் பின்னினவங்க யாருன்னு கேட்டா பதில் கிடைக்காது. பொருள் கண்காட்சிக்குப் போச்சு, பெயர் போகலை. இன்னைக்கு நான் பேசப் போறது அந்தப் பெயரைப் பத்தித்தான்.

முதலில் கண்காட்சி என்ற விஷயமே எப்படி வந்தது என்று பார்ப்போம். 1851ஆம் வருஷம் லண்டன் ஹைட் பார்க்கில் இரும்பையும் கண்ணாடியையும் வைத்து ஒரு பிரம்மாண்டமான கூடம் கட்டினார்கள். கிரிஸ்டல் பேலஸ். மே மாதம் தொடங்கி அக்டோபர் வரைக்கும் நடந்த அந்தக் கண்காட்சியை அறுபது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். உலகத்தில் எங்கே என்ன செய்கிறார்கள் என்று ஒரே கூரைக்குக் கீழே காட்டுவதுதான் நோக்கம். இந்தியப் பகுதியில் கூட்டம் அலைமோதியது. நம்ம பக்கத்திலிருந்து திருவிதாங்கூர் மகாராஜா விக்டோரியா ராணிக்குப் பரிசாக அனுப்பிய தந்தச் சிம்மாசனமும் அங்கே இருந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. இந்த மாதிரி கண்காட்சிகளின் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஒரு பெயர் இருக்கும். அது செய்தவர் பெயராக இருக்கணும்னு கட்டாயம் இல்லை. காட்சிக்கு வைத்தவர் பெயர். இந்தியப் பொருள்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோய் வைத்தது கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போ யார் பெயர் வரும்? கம்பெனி பெயர், இல்லைன்னா ராஜா பெயர். மாசக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து வேலை பார்த்தவர் அந்தத் தாளில் வருவதற்கு வழியே இல்லை.

சரி, லேஸுக்கு வருவோம். 1819இல் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்ற தம்பதி லண்டன் மிஷன் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு ஒரு தங்கும் பள்ளி நடத்தினார். படிப்போடு சேர்த்து லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். நாகர்கோவில் லேஸின் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்லப்படும் வருஷம் 1821.

அந்த வேலை எப்படி இருக்கும்னு கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. மடியில் கெட்டியான ஒரு தலையணை. அதன்மேல் டிசைனைத் துளைத்துத் துளைத்துக் குறித்த ஒரு அட்டை. துளைகளில் குண்டூசிகள். சின்னச் சின்ன மரக்கட்டைகளில் நூல் சுற்றித் தொங்கும். அந்தக் கட்டைகளை ஜோடி ஜோடியாக எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று போட்டு, முறுக்கி, ஊசியைச் சுற்றிக் கொண்டுபோகணும். டிசைன் பெரிதாக ஆக, கட்டைகளின் எண்ணிக்கையும் ஏறும். ஒரு நூல் இடம் மாறினால் பூ கோணலாகிவிடும். கண், விரல், கணக்கு மூன்றும் ஒன்றாக வேலை செய்தால்தான் லேஸ்.

அந்தப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். ஆமாம், அடிமைகள்தான். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் அரசாணைகள் 1853, 1855 வருஷங்களில்தான் வந்தன. அதுவரைக்கும் மனிதர்களை நிலத்தோடு சேர்த்து விற்க முடியும், அடகு வைக்க முடியும். லேஸ் பின்னிக் கிடைத்த காசைச் சேர்த்து, தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. ஒரு முழம் லேஸுக்கு இப்படியும் ஒரு விலை இருந்திருக்கு.

இன்னொரு விஷயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும். இதே வருஷங்களில்தான் நாஞ்சில் நாட்டில் தோள்சீலைப் போராட்டம் நடந்தது. நாடார் பெண்களும் மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களும் உயர்சாதிப் பெண்களைப் போல மேலே துணி போடக் கூடாது என்று தடை. 1820களில் சந்தையிலும் வழியிலும் பெண்களின் மேல்துணியைக் கிழித்தார்கள். 1829இல் அரசே ஆணை போட்டு மேல்சீலையைத் தடுத்தது. 1858, 59இல் மறுபடியும் பெரிய கலவரம். 1859 ஜூலையில்தான் மகாராஜா இறங்கிவந்து அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு நிபந்தனை: உடம்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது.

அதாவது ஐரோப்பிய சீமாட்டிகளின் கழுத்துப் பட்டையிலும் கைவிளிம்பிலும் தைக்கிறதுக்கு லேஸ் போகுது. அதைப் பின்னின பெண் வெளியே நடந்து போனா அவள் தோளில் கிடக்கும் துணிக்கு உத்தரவாதம் இல்லை. கண்காட்சிக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த லேஸைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிய வாய்ப்பே இல்லை. நாகர்கோவில், மிஷன், லேஸ். அவர்களுக்குக் கிடைத்த விவரம் அவ்வளவுதான்.

அப்போ இந்த ஊர்ப்பக்கத்திலிருந்து சொந்தப் பெயரோட கண்காட்சிக்குப் போனவங்களே இல்லையான்னு கேட்பீங்க. இருக்காங்க. அன்னைக்கு நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதி. அதே சமஸ்தானத்துக் கிளிமானூரில் 1848இல் பிறந்தவர் ராஜா ரவி வர்மா. 1873இல் மெட்ராஸ் நுண்கலைக் கண்காட்சியில் கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கினார். அதே ஓவியம் அதே வருஷம் வியன்னா உலகக் கண்காட்சிக்கும் போய்ப் பரிசு வாங்கியது. 1893இல் சிகாகோவுக்கு அவருடைய பத்து ஓவியங்கள் போயின. திறமை அபாரம், அதில் சந்தேகம் இல்லை. ஆனா அரச குடும்பத்து உறவு, திவான்களின் ஆதரவு, மெட்ராஸ் தொடர்பு, இதெல்லாம் சேர்ந்துதான் அந்தப் பெயரைச் சுவரில் ஏற்றியது.

ரவி வர்மா கதையிலேயே இன்னொரு பெயர் ஒளிஞ்சிருக்கு. அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு எண்ணெய் வண்ணத்தின் ரகசியத்தை அவருக்குச் சொல்லித்தர மறுத்தார் என்றும், நாயுடுவின் சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் யாருக்கும் தெரியாமல் வந்து சொல்லிக்கொடுத்தார் என்றும் சொல்வார்கள். ரவி வர்மா பெயரில் இன்றைக்குத் தெரு இருக்கு, விருது இருக்கு, சினிமா இருக்கு. ஆறுமுகம் பிள்ளை, ரவி வர்மா வாழ்க்கை வரலாற்றில் ஒரு வரியாக நின்றுவிட்டார்.

பொதுமக்கள் போய்ப் பார்க்கிற ஓவியக் கூடம் திருவிதாங்கூருக்கு 1935இல் வந்தது. திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ஸ்ரீ சித்ராலயம். அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் சமஸ்தானத்தின் கலை ஆலோசகராக இருந்து உருவாக்கியது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது அதற்கு அடுத்த வருஷம், 1936 நவம்பரில். இந்த இரண்டு தேதியையும் சேர்த்து யோசிங்க. சுசீந்திரம் கோயிலுக்குள் என்ன சிற்பம் இருக்கு என்று அதே ஊர்ப்பக்கத்தில் வாழ்ந்த பலபேர் 1936 வரைக்கும் பார்த்ததே இல்லை. கலையைச் செய்கிறவர் யார் என்ற கேள்விக்கு முன்னாடியே, கலையைப் பார்க்க யாருக்கு அனுமதி என்ற கேள்வி இருந்திருக்கு.

அப்புறம் 1956 நவம்பர் 1. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுக்காவும் சென்னை மாகாணத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது. மொழிக்காகப் போராடி, உயிர் கொடுத்து வாங்கின மாவட்டம் இது. அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனா ஓவியம் படிக்கணும்னு ஆசைப்பட்ட ஒரு நாகர்கோவில் பையனுக்கோ பெண்ணுக்கோ அன்றைக்கு என்ன ஆனது? சுமார் 70 கிலோமீட்டரில் இருந்த திருவனந்தபுரம் அடுத்த மாநிலம். சொந்த மாநிலத்தின் ஓவியப் பள்ளி இருக்கும் சென்னை சுமார் 700 கிலோமீட்டர். இன்றைக்கும் ஓவியத்துக்கு அரசு கவின் கலைக் கல்லூரின்னா சென்னை, இல்லைன்னா கும்பகோணம். தக்கலை பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை நிலத்தால் தமிழ்நாடு, நிர்வாகத்தால் கேரளத் தொல்லியல் துறை. நம்ம மாவட்டத்தின் மிகப் பெரிய காட்சியகம் அதுதான். அதன் மேல்மாடிச் சுவரோவியங்களிலும் வரைந்தவர்கள் பெயர் போடவில்லை.

கூடம் கட்டித்தர யாரும் வரலைன்னா என்ன பண்றது? ஒரு பதில் சென்னைக்குத் தெற்கே இருக்கு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஓவியம் விற்றுச் சாப்பிட முடியாத காலம். அதனால் பத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தக் காசில் கடற்கரை ஓரம் நிலம் வாங்கினார்கள். கவனிச்சீங்களா? பெரிய ஓவியர்களைத் தூக்கிப்பிடித்தது கைவினைதான். லேஸ் மாதிரி ஒரு வேலைதான்.

உலக அளவிலும் துணிவேலை கலைக்கூடத்துக்குள் பெயரோடு நுழைய ரொம்ப நாள் ஆச்சு. ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளியில் படித்த ஆனி ஆல்பர்ஸ் நெசவுக் கலைஞர். அந்தப் பள்ளியில் பெண்களைப் பெரும்பாலும் தறிப் பக்கம்தான் தள்ளினார்கள். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. நெசவுக் கலைஞர் ஒருவருக்கு அங்கே நடந்த முதல் தனிக் கண்காட்சி அது. நாகர்கோவிலில் லேஸ் தொடங்கி அதற்குள் 128 வருஷம் ஓடிவிட்டது.

இப்போ நிகழ்காலத்துக்கு வருவோம். நாகர்கோவில் பக்கம் கல்லூரிகளில் நடக்கும் மாணவர் கண்காட்சிகளுக்கு நான் போறது உண்டு. பளபளப்பு ஒன்றும் இருக்காது. செமினார் ஹாலில் பெஞ்சை ஓரமாகத் தள்ளியிருப்பார்கள். ஜன்னல் கம்பியிலிருந்து கம்பிக்குக் கயிறு கட்டி, துணி கிளிப்பில் ஓவியங்கள் தொங்கும். மின்விசிறி போட்டால் ஓவியம் ஆடும், போடலைன்னா நமக்கு வேர்க்கும். தொட்டிப்பாலம், முட்டம் பாறை, விவேகானந்தர் மண்டபம், அப்புறம் ஒரு விஜய், ஒரு அஜித். நடுவில் திடீர்னு ஒரு படம் நம்மை நிறுத்திவிடும். பீடி சுற்றுகிற அம்மாவின் கை மட்டும். முகம் இல்லை.

அந்தப் படத்துக்குக் கீழே ஒரு சின்ன அட்டை. மாணவியின் பெயர். மூன்றாம் ஆண்டு, விலங்கியல். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவில் எழுதி செல்லோ டேப் போட்டு ஒட்டியது. நான் இவ்வளவு நேரம் சொன்ன வரலாற்றில் இல்லாத பொருள் அந்த அட்டைதான். லண்டன் கண்ணாடிப் பெட்டியில் இல்லாதது ஒரு செமினார் ஹாலில் இருக்கு. மதிப்பெண் கிடையாது, விற்பனை கிடையாது, மூன்று நாளில் கழற்றிவிடுவார்கள். ஆனா அந்த மூன்று நாளும் அவள் பெயர் சுவரில் இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லலை. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருக்கு. தோவாளை மாணிக்க மாலைக்கு 2025இல் கிடைச்சது. நல்ல விஷயம், போலியைத் தடுக்கும், விலை ஏறும். ஆனா புவிசார் குறியீடு காப்பாற்றுவது ஊரின் பெயரை. வடசேரியில் கல் பதிக்கிறவர் பெயரும் தோவாளையில் பூ மடிக்கிறவர் பெயரும் அந்த முத்திரையில் வராது. லண்டனில் "நாகர்கோவில்" என்று மட்டும் போட்ட மாதிரிதான் இதுவும்.

அதனால கல்லூரியில் படிக்கிற, கண்காட்சி நடத்துற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூடம் சின்னதாக இருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை எழுதுங்க: செய்தவர் பெயர், ஊர், எதனால் செய்தது, எத்தனை நாள் ஆச்சு. கழற்றுவதற்கு முன்னாடி அட்டையோடு சேர்த்து ஒரு போட்டோ. கடைசியில் எல்லாப் பெயரையும் ஒரே தாளில் போட்டு, ஒரு பிரதி கல்லூரி நூலகத்தில் கொடுங்க. ஐம்பது வருஷம் கழித்து யாராவது தேடினால், அதுதான் ஆவணம். அழைக்கும்போது ஓவியம் வரைகிறவர்களை மட்டும் அழைக்காதீங்க. எம்ப்ராய்டரி போடும் அக்காவையும், மயிலாடியில் கல் செதுக்கும் அண்ணனையும் கூப்பிடுங்க. அவங்க பெயரையும் எழுதுங்க.

வெளியூரில் இருக்கிற நாகர்கோவில்காரர்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்டு பீரோவில் பாட்டி பின்னின லேஸ் துண்டு, ஒரு தலையணை உறை, ஒரு மேசைவிரிப்பு எங்காவது மடித்துக் கிடக்கும். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது எடுத்துப் பாருங்க. யார் பின்னினது, யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, எவ்வளவு கூலி கொடுத்தாங்கன்னு கேளுங்க. கேட்டதை ஒரு காகிதத்தில் எழுதி அதே மடிப்புக்குள் வையுங்க.

உங்க வீட்டில் அப்படி ஒரு துண்டு இருந்தா, பெயரோடு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.